மலிவான அரிவாளும் சிக்கனமான அரிவாளும்

தாமிரபரணிப் பாசனத்தில் வாழையும் நெல்லும் பயிரிடுவோர்க்கும், உடன்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலில் பனையேறிப் பிழைப்போர்க்கும், மணப்பாட்டில் ஓலை வகிர்ந்து பெட்டி முடைவோர்க்கும் பொதுவாக வேண்டிய சாதனம் வெட்டும் கருவியே ஆகும். இரும்பு நமக்குப் புதிய பொருளன்று. ஸ்ரீவைகுண்டத்தை அடுத்த ஆதிச்சநல்லூரில் 1899-ஆம் ஆண்டு தொடங்கி அலெக்சாண்டர் ரீ என்பவர் நடத்திய அகழாய்வில், முதுமக்கள் தாழிகளுடன் இரும்புக் கருவிகளும் படைக்கலங்களும் மிகுதியாகக் கிடைத்தன. அத்துணைப் பழமையான பழக்கம் இருந்தும், அரிவாளோ கோடரியோ வாங்கச் செல்லும்போது நம்மில் பலர் விலையை ஒருமுறையும் எடையை ஒருமுறையும் பார்த்துவிட்டு வாங்கிவருகிறோம். வாங்கிய பொருள் எவ்வகை இரும்பால் ஆனது, எந்த வேலைக்கு உரியது, எத்தனை நாள் உழைக்கும் என்னும் மூன்று கேள்விகளும் கேட்கப்படுவதில்லை. அவற்றைக் கேட்பது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விலையும் செலவும்

விலை வேறு, செலவு வேறு. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். 250 ரூபாய் கொடுத்து வாங்கிய வெட்டரிவாள் ஒன்று ஓராண்டில் வாய் மடங்கிப் பயனற்றுப் போகிறது என்றும், 700 ரூபாய் கொடுத்து வாங்கிய மற்றொன்று ஐந்து ஆண்டுகள் உழைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகளில் முன்னதற்கு 1,250 ரூபாய் செலவாகிறது. பின்னதற்கு 700 ரூபாயே. ஆண்டொன்றுக்குப் பார்த்தால் முன்னது 250 ரூபாய், பின்னது 140 ரூபாய். இதுவும் முழுக் கணக்கன்று. மழுங்கிய கருவியை நாள்தோறும் அரைமணி நேரம் தீட்டுவதால் வீணாகும் கூலி, வெட்டு வழுக்கிக் கையில் பட்டால் இழக்கும் வேலைநாட்கள், மருத்துவச் செலவு ஆகியவற்றையும் மலிவான கருவியின் பற்றில்தான் எழுத வேண்டும்.

ஆயினும் மலிவான கருவியை வாங்குவோர் அனைவரும் அறியாமையால் வாங்குகிறார்கள் என்று கூறுவது நியாயமாகாது. பருவம் தொடங்கும் பங்குனி மாதத்தில் ஒரு பனைத் தொழிலாளியின் கையில் 250 ரூபாய்தான் இருக்கிறதென்றால், 700 ரூபாய் அரிவாள் எவ்வளவு சிக்கனமானதாக இருந்தென்ன? அவர் 250 ரூபாய்ப் பொருளைத்தான் வாங்குவார். அல்லது கருப்பட்டி வாங்கும் வியாபாரியிடம் முன்பணம் பெற்று, அவர் சொல்லும் விலைக்குச் சரக்கைக் கொடுக்க ஒப்புக்கொள்வார். வசதியுள்ளவர் ஆண்டுக்கு 140 ரூபாய் செலவிடும் பொருளுக்கு வசதியற்றவர் 250 ரூபாய் செலவிடுகிறார். இந்த இடைவெளியை நிரப்பவே கூட்டுறவு தோன்றியது. இது குறித்துப் பின்னர் எழுதுவோம்.

வேலைக்கேற்ற வடிவம்

எல்லா வேலைக்கும் ஒரே அரிவாள் என்பது நடைமுறைக்கு ஒவ்வாது. வெட்டப்படும் பொருள் மென்மையாயின் அலகு மெல்லியதாகவும், வன்மையாயின் அலகு தடித்ததாகவும் இருத்தல் வேண்டும். இது உலகெங்கும் பொருந்தும் விதி. தென் அமெரிக்க நாடுகளில் கரும்பும் புல்லும் வெட்டப் பயன்படும் மச்செட்டி என்னும் நீண்ட கத்தியின் தடிமன் ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீட்டரே. அது இலேசாக வீசிச் சாய்ப்பதற்கு உரியது. நேபாளத்துக் குக்ரியும் நம் வெட்டரிவாளும் விறகையும் கிளையையும் பிளக்க வேண்டியவை. ஆதலால் அவற்றின் முதுகு தடித்திருக்கிறது. அண்மைக் காலத்தில் கடைகளிலும் அஞ்சல் வழியாகவும் கிடைக்கும் ஆலை மச்செட்டிகளைப் புதுமை கருதி வாங்கிச் சீமைக் கருவேல மரத்தை வெட்ட முயல்வோர் ஏமாற்றமடைவர். கருவி குற்றமுடையதன்று, வேலைதான் மாறிவிட்டது.

நம் பகுதியில் தனிக் கவனத்துக்கு உரியது பாளை அரிவாள். பனையின் பாளையை நாள்தோறும் மெல்லியதாகச் சீவினால்தான் பதநீர் சுரக்கும். மழுங்கிய அலகு பாளையைச் சீவாமல் நசுக்கிக் கிழிக்கிறது. கிழிந்த வாயில் பதநீர் சரிவரச் சுரப்பதில்லை. ஒரு பருவத்தின் வருமானமே அந்த அலகின் கூர்மையில் தங்கியிருக்கிறது. ஆகையால் பாளை அரிவாள் அகன்றும், மெல்லியதாயும், மிகுந்த கூர்மையுடையதாயும் இருக்க வேண்டும். பாளை சீவுவதைத் தவிர வேறெதற்கும் அதைப் பயன்படுத்தலாகாது. மட்டை கழிக்கவும் விறகு தறிக்கவும் வெட்டரிவாள் தனியே இருத்தல் நலம். மரத்தின் உச்சியில் ஒரு கையால் வேலை செய்பவருக்கு, அலகு சிக்கிக்கொள்வதும் வழுக்குவதும் உயிருக்கே ஆபத்தாகும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

நெல்லும் புல்லும் அறுக்கக் கருக்கரிவாள் போதும். அதன் பற்கள் தேய்ந்தபின் கொல்லரிடம் கொடுத்துக் கருக்கு வெட்டிக்கொள்ளலாம், புதியது வாங்கவேண்டியதில்லை. வாழைத்தார் வெட்டவும் பக்கக்கன்று நீக்கவும் இலேசான, மெல்லிய அலகுடைய அரிவாள் ஏற்றது. வாழை நீர்ச்சத்து மிக்க தண்டாதலின் கனமான கருவியால் கை சோர்வதே மிச்சம். ஓலை வகிர்வோர்க்கும், கோரையை வகிர்ந்து பாய் நெய்யும் பத்தமடை போன்ற ஊர்களின் நெசவாளர்க்கும் சிறிய கத்தியே வேண்டும். அதன் அலகு மிக மெல்லியதாய், நேரான வாயுடையதாய் இருந்தால்தான் கீற்றுகள் ஒரே அகலமாக வரும்.

மரம் வெட்டுவதற்கும் பிளப்பதற்கும் கோடரி. இதிலும் இரு வகை உண்டு. குறுக்கே வெட்டும் கோடரியின் கன்னம் மெலிந்திருக்கும். விறகு பிளக்கும் கோடரியின் கன்னம் ஆப்புப் போலப் பருத்திருக்கும். ஒன்றை மட்டும் வாங்க இயலுவோர், ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ எடையுள்ள நடுத்தரமான கோடரியை வாங்கலாம். எடை மிகுந்தால் வெட்டு ஆழமாகும் என்று எண்ணுவது தவறு. களைத்த கை குறிதவறும். மேலும், பனை மரத்தை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு 2021-ஆம் ஆண்டில் அறிவித்திருப்பதை உறுப்பினர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

இரும்பும் எஃகும்

பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரு அலகுகளில் ஒன்று கூர்மையை ஒரு வாரம் காப்பதும், மற்றொன்று ஒரு நாளில் இழப்பதும் ஏன்? இரும்பில் கலந்துள்ள கரியின் அளவே முதற்காரணம். கரியின் அளவு நூற்றுக்குக் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவாக உள்ளதை மென்னிரும்பு என்கிறோம். கட்டடச் சட்டங்களும், பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும் கப்பல் தகடுகளும் இவ்வகையைச் சார்ந்தவை. இவற்றை எவ்வளவு காய்ச்சி நீரில் தோய்த்தாலும் போதிய கடினம் ஏறாது. வெட்டும் அலகுக்கு நூற்றுக்கு அரைப் பங்குக்குக் குறையாமல் கரி கலந்த எஃகு வேண்டும். லாரியின் வில்பட்டையில் ஏறக்குறைய அவ்வளவு இருப்பதால்தான், நம் ஊர்க் கொல்லர்களும் நேபாளத்துக் குக்ரி செய்வோரும் அதையே விரும்பி எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் பல ஆண்டுகள் பாரம் தாங்கிய வில்பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கக்கூடும். மிகவும் தேய்ந்த பட்டையையும் முறிந்த பட்டையின் முறிவை ஒட்டிய பகுதியையும் தள்ளிவிடுமாறு கொல்லரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது காரணம் தோய்ச்சல். எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சி, எண்ணெயிலோ நீரிலோ சட்டென்று தோய்த்தால் அது கடினமடைகிறது. எந்த அளவு காய்ச்ச வேண்டும் என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஏறக்குறைய 770 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழந்துவிடும். காந்தம் பற்றாத நிலைக்குச் சற்று மேலே காய்ச்சித் தோய்ப்பது பொதுவான முறையாகும். தோய்த்த எஃகு கண்ணாடி போல நொறுங்கும் இயல்புடையது. அப்படியே பயன்படுத்தினால் வாய் உதிரும். எனவே அதை மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டிப் பதம் பார்க்க வேண்டும். துலக்கிய அலகின் மேல் வைக்கோல் நிறம் தோன்றினால் கடினம் மிகுதி. ஊதாவும் நீலமும் தோன்றினால் கடினம் குறைந்து நெகிழ்வு மிகுதி. பாளை அரிவாளுக்கு முன்னதும், அடி தாங்கவேண்டிய கோடரிக்குப் பின்னதும் பொருந்தும். இரண்டாவது வாட்டுதலைச் செய்யாமல் விடுவது, அவசரத்தில் செய்யப்படும் சரக்கில் அடிக்கடி காணப்படும் குறையாகும்.

திருப்பாச்சேத்தி அரிவாள் நாடெங்கும் பெயர்பெற்றது. ஒரு பெயர் பெருமை அடைந்தவுடன் அப்பெயரைச் சொல்லிப் பிற சரக்கும் விற்கப்படுவது வாணிகத்தில் இயல்பு. ஆகவே பெயரைக் கேட்டு வாங்குவதைவிடப் பொருளைச் சோதித்து வாங்குவதே முறை.

கடையில் நின்று செய்யும் சோதனைகள்

முதலாவது, ஓசை. அலகை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு ஆணியால் தட்டினால் தெளிவான நீண்ட ஓசை எழ வேண்டும். ஓசை உடைந்து கேட்டால் உள்ளே வெடிப்பு இருக்கலாம்.

இரண்டாவது, அரம். பழைய அரம் ஒன்றை உடன் கொண்டுசென்று வாயின் ஓரத்தில் மெல்லத் தேய்த்துப் பார்க்க வேண்டும். அரம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அலகு மென்மையானது. சற்றும் பற்றாமல் வழுக்கினால் மிகக் கடினமானது, உதிரும். முயன்று தேய்த்தபின் சிறிதளவு பற்றினால் அதுவே ஏற்ற பதம். வாயின் இரு ஓரங்களிலும் நடுவிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, பொறி. சாணைச் சக்கரம் உள்ள பட்டறையாயின் முதுகுப் பக்கத்தில் சற்றே தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். மென்னிரும்பின் பொறிகள் நீண்ட கோடுகளாகப் பறந்து அவியும். கரி மிகுந்த எஃகின் பொறிகள் பூ விரிவதுபோலக் கிளைத்துச் சிதறும். ஒருமுறை இரண்டையும் அடுத்தடுத்துக் கண்டவர் பிறகு ஏமாற மாட்டார்.

நான்காவது, வெட்டு. உலர்ந்த கருவேலக் கட்டையில் பத்து முறை வெட்டி, வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். கூர்மையான வாய் ஒளியைத் திருப்பாது. வெள்ளைப் புள்ளிகள் மின்னினால் அவ்விடத்தில் வாய் மடங்கியோ உதிர்ந்தோ இருக்கிறது என்பது பொருள். இச்சோதனைக்கு இணங்காத விற்பனையாளரிடம் வாங்காதிருப்பதே நலம். தம் வேலையில் நம்பிக்கையுள்ள கொல்லர் இதற்குத் தயங்குவதில்லை.

பிடியும் பொருத்தமும்

அலகு நன்றாயிருந்தும் பிடியால் கெட்ட கருவிகள் பல. அரிவாளில் பிடிக்குள் நுழையும் இரும்பு பாதியில் நின்றுவிடாமல், பிடியின் அடிவரை சென்று மறுபுறம் மடக்கப்பட்டிருக்க வேண்டும். பிடியின் வாயில் இரும்புப் பூண் இறுக்கமாக இருத்தல் அவசியம். பிடி கையில் நிறையும் பருமனுடையதாகவும், அடிப்பக்கம் சற்றுப் பருத்து, வியர்த்த கையிலிருந்து நழுவாததாகவும் இருக்க வேண்டும். வண்ணம் பூசிப் பளபளக்கும் பிடி வழுக்கும். மேலும் மரத்தின் வெடிப்பை வண்ணம் மறைத்துவிடும்.

கோடரிக்கு நாட்டுக் கருவேலம், புளி போன்ற உறுதியான மரங்களில் நன்கு உலர்ந்த காம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மரத்தின் இழை காம்பின் நீளத்தோடு ஓட வேண்டும். குறுக்கே ஓடும் இழையுள்ள காம்பு ஒருநாள் முறிந்தே தீரும். காம்பின் அடியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் கோடரியின் வாய் காம்பின் நடுக்கோட்டோடு பொருந்தியிருக்க வேண்டும். ஆப்பு இறுகியிருக்கிறதா என்பதை வேலை தொடங்கும் ஒவ்வொரு நாளும் பார்ப்பது கடமை. கழன்று பறக்கும் கோடரித் தலை வெட்டுபவரை மட்டுமன்றி அருகில் நிற்பவரையும் தாக்கும். தளர்ந்த காம்பை நீரில் ஊறவைத்து இறுக்குவது ஒருநாள் வைத்தியமே. உலர்ந்ததும் முன்னிலும் அதிகமாகத் தளரும். புதிய ஆப்பு அடிப்பதே பரிகாரம்.

உப்புக் காற்றும் துருவும்

கடற்கரையில் வாழும் நமக்கு உள்நாட்டார்க்கு இல்லாத பகை ஒன்று உண்டு. அது உப்புக் காற்று. ஓர் இரவு வெளியே கிடந்த அரிவாளில் காலையில் செம்புள்ளிகளைக் காணலாம். இதற்கு அஞ்சி, துருப்பிடிக்காத எஃகே சிறந்தது என்று சிலர் கருதுகின்றனர். குரோமியம் என்னும் உலோகம் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்கு மேல் கலந்ததால் அவ்வெஃகு துருவை எதிர்க்கிறது. கயிறும் வலையும் அறுக்க வேண்டிய மீனவர்க்கும், சங்கு குளிக்கச் செல்வோர்க்கும் இத்தகைய சிறுகத்தி மிகவும் ஏற்றது. ஆனால் மரத்தை ஓங்கி வெட்டும் அரிவாளுக்கும் கோடரிக்கும் அது அவ்வளவு பொருந்துவதில்லை; மலிவான வகையில் கூர்மை விரைவில் போகும், ஊர்க் கொல்லர் உலையில் அதைப் பழுதுபார்ப்பதும் எளிதன்று. நிலத்து வேலைக்குக் கரி எஃகும், கடல் வேலைக்குத் துருப்பிடிக்காத எஃகும் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

கரி எஃகைக் காப்பது பெரிய வித்தையன்று. வேலை முடிந்ததும் நல்ல நீரில் கழுவி, துடைத்து, உலர்த்தி, ஒரு துளி தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவி வைத்தால் போதும். உப்பளத் தொழிலும் செய்யும் குடும்பங்கள் வெட்டுக்கருவிகளை உப்பு மூட்டைகளின் பக்கத்தில் வைக்கலாகாது. காலியான உரச் சாக்கில் சுற்றி வைப்பதும் துருவை வரவழைப்பதாகும். சாணை பிடிக்கும்போது அடிக்கடி நீரில் நனைக்க வேண்டும். சக்கரத்தின் சூட்டில் வாய் நீலமாக மாறிவிட்டால் தோய்ச்சல் போய்விட்டது என்று அறிக. ஆயுத பூஜையன்று கருவிகளுக்குப் பொட்டிடுவோர் நம்மில் பலர். நாள்தோறும் துடைத்து வைப்பதும் அப்பூஜையின் பகுதியே என்று கொள்ளலாம்.

சட்டமும் ரசீதும்

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே என வடிவமைக்கப்பட்ட பொருள்களை ஆயுதம் என்னும் வரையறையிலிருந்து விலக்கியுள்ளது. எனினும் அரிவாள் குற்றத்துக்கும் பயன்படுவதைக் கருதி, அரிவாள், கத்தி செய்வோரும் விற்போரும் வாங்குவோரின் பெயர், முகவரி முதலியவற்றைப் பதிவு செய்யுமாறு தமிழகக் காவல்துறை 2021-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. உழைப்போர் இதற்கு அஞ்சவேண்டியதில்லை. விவரம் கொடுத்து, ரசீது பெற்று, அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பேருந்திலோ இரு சக்கர வண்டியிலோ கொண்டுசெல்லும்போது அலகை ஓலை உறையிலோ சாக்கிலோ இட்டுக் கட்டுவது பிறருக்கும் நமக்கும் பாதுகாப்பு.

சங்கம் செய்ய வேண்டுவது

இங்கிலாந்தில் ராக்டேல் என்னும் ஊரில் 1844-ஆம் ஆண்டில், நெசவாளர் பலர் உள்ளிட்ட உழைப்பாளர் சிலர் சேர்ந்து ஒரு கடை தொடங்கினர். கலப்படமற்ற பொருள், சரியான எடை என்பவை அவர்களுடைய கொள்கைகளாக இருந்தன. மாவில் கலப்படம் செய்வது குற்றமென்றால், மென்னிரும்பை எஃகு என்று சொல்லி விற்பதும் கலப்படமே. தனி ஒருவர் கடையில் நின்று இதை எதிர்ப்பது கடினம். நாற்பது பேருக்காக வாங்கும் சங்கத்துக்கு அது எளிது.

நாம் ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் விதை, உரம், நூல் ஆகியவற்றுக்கு இருக்கும் ஏற்பாடு கைக்கருவிகளுக்கு இருக்கக் காண்பது அரிது. செய்ய வேண்டுவன சிலவே. பருவத்துக்கு இரண்டு மாதம் முன்னதாக, தை மாதத்திலேயே, எந்தெந்த உறுப்பினருக்கு எந்த வகைக் கருவி எத்தனை வேண்டும் என்று பட்டியல் எடுக்க வேண்டும். நிர்வாகக் குழுவின் தீர்மானத்தின்படி, அருகிலுள்ள இரண்டு மூன்று பட்டறைகளில் விலைப்புள்ளி கேட்பதோடு மாதிரி ஒன்றும் வாங்க வேண்டும். மாதிரியை மேலே சொன்ன சோதனைகளுக்கு உட்படுத்துவதோடு, அனுபவமுள்ள பனைத் தொழிலாளி ஒருவரும் விவசாயி ஒருவரும் ஒரு வாரம் வேலையில் வைத்துப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். மிகக் குறைந்த விலைப்புள்ளியையே ஏற்க வேண்டும் என்னும் பழக்கம் இங்கே உதவாது. மாதிரி தேறியவற்றுள் குறைந்த விலையே ஏற்கத்தக்கது. முதல் பருவத்துக்குள் வெடித்தாலோ வாய் உதிர்ந்தாலோ மாற்றித் தரும் நிபந்தனையை எழுத்தில் பெற வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் எண் குத்தி, இருப்புப் பதிவேட்டிலும் வழங்கிய பதிவேட்டிலும் பதிய வேண்டும். காவல்துறை கேட்கும் விவரமும் அதிலேயே அடங்கிவிடும்.

இனி, விலை. 700 ரூபாய் அரிவாளை ஐந்து தவணைகளில், கருப்பட்டியோ வாழையோ விற்ற தொகையிலிருந்து கழித்துக்கொள்ளுமாறு துணைவிதிகளுக்கு உட்பட்டுக் கொடுத்தால், பங்குனியில் கையில் 140 ரூபாய் உள்ளவரும் நல்ல கருவியைப் பெறுவார். முன்பணத்துக்காகத் தம் சரக்கைக் குறைந்த விலைக்கு ஒப்புக்கொடுக்கும் நிலையும் அந்த அளவுக்குக் குறையும். கொல்லருக்கும் இதனால் நன்மை உண்டு. பருவத்துக்கு முன் நிச்சயமான வேலை கிடைத்தால், நல்ல பட்டை வாங்கி, அவசரமின்றி வாட்டி, பதம் பார்த்துக் கொடுக்க அவரால் இயலும். மலிவான ஆலைச் சரக்குக்கு எதிரே அவர் பட்டறை நிலைத்திருப்பதும் நமக்கு வேண்டியதே. பழுது பார்ப்பதற்கு ஆலை நம் ஊருக்கு வரப்போவதில்லை.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் உறுப்பினர் எவரேனும் ஒருவர் எழுந்து, கைக்கருவிகள் வாங்குவது பற்றிய பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி கேட்பாராக. அதற்கு உரிய பட்டியலை இம்மாதமே தயாரிக்கத் தொடங்கலாம்.